தெர்மோஸ்டாட்: சூட்டுமடை என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

தெர்மோஸ்டாட்டுக்கு வெப்பநிலைநிறுத்தி என்ற சொல் இருக்கும்போது சூட்டுமடை என்று புதிதாக எதற்கு என்று ஐயா கேட்டிருந்தீர்கள். ஃபிரிட்ஜில் இருப்பதற்கு அது பொருந்தும், அங்கே மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்துகிற வேலைதான். கார் எஞ்சினில் இருப்பது, எஞ்சின் சூடானதும் அதைக் குளிர்விக்கும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடுகிற சாதனம். என் வண்டியில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

போன மாதம் குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறைக்கு ஏறும்போது சூட்டு முள் மேலே போய்விட்டது. ஓரமாக நிறுத்தி, நன்றாக ஆறியபிறகு மூடியைத் திறந்து பார்த்தால் கூலண்ட், அதாவது அந்தக் குளிர்விக்கும் தண்ணீர், குறையவே இல்லை. மறுபடி ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தேன், எஞ்சின் கொதிக்கிறது, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் மட்டும் குளிர்ந்து கிடக்கிறது, தெர்மோஸ்டாட் திறக்காததால் தண்ணீர் அங்கே போகவில்லை. ஒர்க்‌ஷாப்பில் "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடலாம், நம்ம ஊர் சூட்டுக்கு இது வேண்டாம்" என்றார்கள். நான் கேட்கவில்லை. கழற்றியதை வீட்டுக்குக் கொண்டுவந்து நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் தொடாதபடி தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பை மூட்டினேன். அதில் 82 என்று பொறித்திருந்தது, 82 டிகிரியில் உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளத் தொடங்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அசையவில்லை. புதிதாக வாங்கியதைப் போட்டதும் மெல்லத் திறந்தது. பக்கத்தில் நின்ற அப்பா, ஏலாவில் (வயல்வெளியில்) தண்ணீர் பாய்ச்சியே வளர்ந்தவர், "அப்போ இது மடைதானே" என்றார்.

அங்கிருந்து வந்ததுதான் இந்தச் சொல். முதலில் வெப்பமடை என்று எழுதிப் பார்த்தேன், அது 'வெப்பமடைதல்' என்ற வினையாகவே கண்ணில் படுகிறது. வெம்மடை அழகான சொல், ஆனால் காதால் கேட்கும் மெக்கானிக்குக்குப் பிடிபடாது. சூட்டுமடை சட்டென்று புரிகிறது, கோளாறும் அதிலேயே வந்துவிடுகிறது: மடை அடைத்துக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும், மடை திறந்தே கிடந்தால் முள் ஏறவே ஏறாது, எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், எஞ்சினும் சீக்கிரம் தேயும். கழற்றிப் போடுவது இந்த இரண்டாவது கோளாறை நாமே உண்டாக்குவது. எப்போதும் மடை திறந்து கிடக்கும் குளத்தில் தண்ணீர் நிற்குமா? வெப்பநிலைநிறுத்தி என்ற சொல்லை வைத்து இதை ஒரு டிரைவருக்கு விளக்கிப் பாருங்கள், ரொம்பக் கஷ்டம்.

மடையை ஆள் திறக்க வேண்டும், இது தானே திறக்கிறதே என்ற மறுப்பு வரலாம். மடை என்பது அது செய்யும் வேலைக்கான பெயர், திறப்பது கையா மெழுகா என்பது அடுத்த கேள்வி. அணையில் இருப்பதை ஷட்டர் என்று சொல்லப் பழகிவிட்டோம், ஆனால் குளத்தில் இருப்பது எங்களுக்கு இன்றும் மடைதான். வழக்கில் உயிரோடு இருக்கிற சொல் அது.

ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நமக்கும் ஒன்றே இருக்க வேண்டுமா? ஃபிரிட்ஜுக்கு வெப்பநிலைநிறுத்தி, எஞ்சினுக்குச் சூட்டுமடை என்று பிரித்தே நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம் என்பது என் கருத்து. 'சூட்டு' கொச்சையாக இருக்கிறது என்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், வெம்மடைக்கும் எனக்குச் சம்மதமே, மடை மட்டும் போய்விட வேண்டாம்.