பில் டெய்லரின் 16 பட்டங்களை அப்படியே எண்ணலாமா?

சந்தேகசாமி:
டார்ட்ஸ் (அம்பெறி) ஆட்டக்காரர் லிட்லர் 2025, 2026 என்று வரிசையாக இரண்டு உலகப் பட்டம் வாங்கிவிட்டார். இரண்டாவதை வாங்கும்போது வயது 18. உடனே "இன்னும் 14 வாங்கட்டும், அப்புறம் 16 உலகப் பட்டம் வாங்கிய டெய்லரோடு ஒப்பிடலாம்" என்று கிளம்பிவிட்டார்கள். எனக்கு அந்த 16 மேலேயே சந்தேகம். 1993-இல் முன்னணி டார்ட்ஸ் ஆட்டக்காரர்கள் 16 பேர் பழைய சங்கத்தை விட்டுப் பிரிந்து தனிக்கடை போட்டார்கள். 1994-இல் அவர்கள் நடத்திய முதல் உலகப் போட்டியில் ஆடியதே 24 பேர்தான். அந்தக் குட்டையில்தான் டெய்லர் 1995 முதல் 2002 வரை எட்டு தடவை தொடர்ந்து ஜெயித்தார். லிட்லர் ஜெயித்த 2026 போட்டியில் 128 பேர்.

புல்ஸ்ஐ பாண்டி:
சாமி, பிரிந்து போனது யார் யார்? பிரிஸ்டோ, ஜான் லோ, ஜாக்கி வில்சன், பிரீஸ்ட்லி. பெரிய மீனெல்லாம் அந்தக் குட்டைக்குத்தானே வந்தது? அதோடு, பிரிவுக்கு முன்பே டெய்லரிடம் இரண்டு பட்டம் இருந்தது. ஸ்டோக் ஊர்க்காரர். டாய்லெட் பேப்பர் மாட்டும் பீங்கான் பிடி செய்கிற வேலையில் இருந்தவர். பிரிஸ்டோ பணம் கொடுத்து ஆட அனுப்பினார். 1990 உலக இறுதியில் அந்த பிரிஸ்டோவையே 6-1 என்று செட் கணக்கில் அடித்தார். பந்தயக்காரர்கள் அவருக்குக் கொடுத்திருந்த விலை ஒன்றுக்கு 125!

சந்தேகசாமி:
வந்ததெல்லாம் வயசான மீன். பிரிஸ்டோவின் கடைசி உலகப் பட்டம் 1986, வில்சனுக்கு 1989. புதிதாக வளர்ந்த வான் பார்னவெல்ட் பழைய சங்கத்திலேயே இருந்து 1998, 1999, 2003, 2005 என்று நான்கு பட்டம் எடுத்தார். 2006-இல்தான் இந்தப் பக்கம் வந்தார். வந்ததும் 2007 இறுதியில் டெய்லர் 7-6 என்று தோற்றார்.

ராத்திரிப்பறவை:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். டெய்லர், பார்னவெல்ட் என்ற இரண்டு பக்கத்துச் சாம்பியன்களும் 1999-லேயே வெம்ப்ளியில் ஒரு தனி ஆட்டத்தில் மோதினார்கள். டெய்லர் 21-10. அப்புறம் 2009 உலக இறுதியில் அதே பார்னவெல்டை 7-1. அன்று டெய்லரின் சராசரி, மூன்று அம்புக்கு 110.94 புள்ளி. மூன்று அம்புக்கு 20, 20, ட்ரெபிள் 20 (மும்மடங்கு, அதாவது 60) என்று விழுந்தாலே 100தான். இவர் லெக்கை (செட்டுக்குள் வரும் ஒரு சுற்றை) முடிக்க டபுளை (இருமடங்குக் கட்டத்தை) குறிவைத்து எறிந்ததையும் சேர்த்துக்கூட 110-ஐத் தாண்டியிருக்கிறார். அந்த ட்ரெபிள் கட்டமோ விரல் அகலம்கூட இருக்காது, நிற்பது 2.37 மீட்டர் தள்ளி.

வழிப்போக்கன்:
பீர் கடையில் ஆடுவதற்கு இவ்வளவு சண்டையா?

புல்ஸ்ஐ பாண்டி:
2026-இல் லிட்லர் வாங்கிய பரிசு பத்து லட்சம் பவுண்டு. நீங்கள் எந்தக் கடைக்குப் போகிறீர்கள், சொல்லுங்கள், நாங்களும் வருகிறோம்.

சந்தேகசாமி:
ஒரு தனி ஆட்டம் உலகப் போட்டி ஆகாது. கணக்கைப் பாருங்கள். 2006 வரை 13 பட்டம். அதற்கப்புறம் 2009, 2010, 2013, அவ்வளவுதான். கூட்டம் சேரச் சேர பட்டம் குறைகிறது.

ராத்திரிப்பறவை:
கூட்டத்தை எண்ணும்போது வயதையும் எண்ணுங்களேன். டெய்லர் பிறந்தது 1960. 2013-இல் 52 வயதில், 23 வயது வான் கெர்வனிடம் 4-2 என்று பின்தங்கியிருந்து 7-4 என்று ஜெயித்தார். 57 வயதில், கடைசி ஆண்டில்கூட இறுதிவரை வந்து ராப் கிராஸிடம்தான் தோற்றார்.

சந்தேகசாமி:
சரி, 2013-ஐ நான் தொடவில்லை. ஆனால் 2001 இறுதி 7-0. 2002 இறுதி 7-0. இரண்டு வருடம் இறுதியில் ஒரு செட்கூட விடவில்லை என்றால், எதிரில் ஆள் இருந்ததாகவே தெரியவில்லையே.

புல்ஸ்ஐ பாண்டி:
குட்டை அவ்வளவு சின்னது என்றால் 1994-ஐயும் அவரே அள்ளியிருக்க வேண்டும். அந்த வருடம் பிரீஸ்ட்லி 6-1 என்று துரத்திவிட்டார். 2001-இல் எதிரில் நின்றது ஜான் பார்ட், பழைய சங்கத்தின் 1994 சாம்பியன். அதே பார்ட்தான் 2003 இறுதியில் டெய்லரை 7-6 என்று வீழ்த்தி அந்த எட்டு வருட ஓட்டத்தையே நிறுத்தினார். அவரையும் ஆள் இல்லை என்பீர்களா?