ஆறாவது பத்தியில் ஒரே ஒரு முறை: ஊடகங்களை அணுகிய அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

வீடுகளில் பயன்படாமல் கிடக்கும் காது கேட்கும் கருவிகளைத் திரட்டிச் செப்பனிட்டு, விலை கொடுத்து வாங்க இயலாதவர்களுக்கு வழங்கும் சிறிய தன்னார்வக் குழு எங்களுடையது. குழு ஐந்தாண்டுகளை நிறைவு செய்தபோது இரண்டு பக்கச் செய்திக் குறிப்பு ஒன்றை எழுதி, கையில் கிடைத்த ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊடக முகவரிகளுக்கு ஒரே மின்னஞ்சலாக அனுப்பினேன். எங்கள் நோக்கம், நிறுவனரின் உரை, விழாவுக்கு வந்திருந்த சிறப்பு விருந்தினர்களின் பெயர்கள் என்று எதையும் விடவில்லை. ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை.

பத்து நாள் பொறுத்து, ஒரு நாளிதழில் உடல்நலப் பக்கத்தைக் கவனிக்கும் செய்தியாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர், "ஐந்தாண்டு நிறைவு உங்களுக்கு மகிழ்ச்சியான செய்தி, மேடம். படிக்கிறவருக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பேச்சு முடியும் தறுவாயில், எங்களிடம் வந்து சேரும் கருவிகளில் கணிசமானவை பழுதே ஆகாதவை என்றும், ஒலி வெளிவரும் துளையைக் குறும்பி அடைத்துக்கொள்வதால் கருவி கெட்டுவிட்டதாக நினைத்துக் கழற்றி வைத்துவிடுகிறார்கள் என்றும் தற்செயலாகச் சொன்னேன். அவருடைய குரல் மாறியது. எத்தனைக்கு எத்தனை, பதிவேடு இருக்கிறதா, அப்படிக் கழற்றி வைத்த ஒருவரோடு பேச முடியுமா என்று அடுக்கிக்கொண்டே போனார். பதிவேட்டைச் சரிபார்க்கவும், எங்களிடம் கருவியைக் கொடுத்த ஒரு முதியவரின் சம்மதத்தைப் பெறவும் இரண்டு நாள் பிடித்தது.

கட்டுரை அரைப்பக்க அளவில் வந்தது. இழுப்பறைகளில் உறங்கும் கருவிகளைப் பற்றிய கட்டுரை அது. எங்கள் குழுவின் பெயர் ஆறாவது பத்தியில் ஒரே ஒரு முறை இடம்பெற்றிருந்தது, நிறுவனரின் படம் இல்லை. குழுவில் பலருக்கு வருத்தம், எனக்கும்தான். ஆனால் அந்த வாரம் முழுவதும், கருவியை எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டு அழைப்புகள் வந்தன. அப்படி அழைத்தவர்களில் சிலர் தங்களிடம் இருந்த பழைய கருவிகளைக் கொடுத்தும் உதவினார்கள். உங்களுக்கும் இத்தகைய அனுபவங்கள் இருந்தால் பகிருங்கள்.

மறுமொழி: முன்னாள் உதவி ஆசிரியர்

அம்மா, நான் பல ஆண்டுகள் செய்திப் பிரிவில் மேசையின் அந்தப் பக்கம் இருந்தவன். உங்கள் குறிப்பு ஏன் திறக்கப்படாமல் போயிருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. ஐம்பது பேருக்குச் சேர்த்து அனுப்பியதைப் பார்த்ததுமே, வேறு யாராவது எழுதிக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவருக்கும் தோன்றிவிடும். நான் தேடியதெல்லாம் இதற்கு முன் நான் எழுதியவற்றை அனுப்புகிறவர் படித்திருக்கிறார் என்பதற்கான அடையாளமும், முதல் இரண்டு வரிகளில் ஒரு புதிய உண்மையும், உடனே தொலைபேசியை எடுத்துப் பேசக்கூடிய ஒரு மனிதருந்தான். நாளிதழ்களில் பிற்பகலுக்குப் பிறகு பக்கங்களை முடிக்கும் நெருக்கடி தொடங்கிவிடும், அந்த நேரத்தில் "என் குறிப்பு கிடைத்ததா?" என்று அழைப்பவர்மீது, நல்ல செய்தி கையில் இருந்தாலும், எரிச்சலே மிஞ்சும்.

இது பழைய பாடம். 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அந்த நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ நடந்ததை மறைக்காமல் அறிக்கையாக எழுதிச் செய்தியாளர்களுக்குக் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. செய்திக் குறிப்பு என்னும் வழக்கத்தின் தொடக்கமாகப் பலரும் இதையே சுட்டுகிறார்கள். அதே ஆண்டில் அவர் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், தாம் அனுப்புவது விளம்பரப் பிரிவுக்கே உரியது என்று ஆசிரியர்களுக்குத் தோன்றினால் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதியிருந்தார். தாம் அனுப்பும் ஒவ்வொன்றையும் அந்த ஒரு வரியால் சோதித்துப் பார்த்தவர்களின் கடிதங்களை நான் ஒருபோதும் ஒதுக்கியதில்லை.

மறுமொழி: கைவினைப் பொருள் தயாரிப்பாளர்

என் அனுபவம் கசப்பானது, தவறும் என்னுடையதே. ஒரு வார இதழின் செய்தியாளருக்குப் 'பிரத்யேகச் செய்தி' என்று வாக்களித்துவிட்டு, அவர் தாமதிக்கிறாரோ என்ற பதற்றத்தில் இன்னோர் இதழுக்கும் அதே செய்தியைக் கொடுத்துவிட்டேன். இரண்டாமவர் முந்திக்கொண்டார். முதலாமவர் கோபமாக ஒரு சொல்லும் பேசவில்லை. அதன்பின் என் எந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதவும் இல்லை. இன்ன தேதிக்குள் முடிவு சொல்லுங்கள், இல்லையென்றால் வேறிடத்தில் கொடுத்துக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே எழுதியிருந்தால் அவரும் ஏற்றிருப்பார். அதைக் கேட்கத் தயங்கியதால் ஒரு நல்ல உறவை இழந்தேன்.

மறுமொழி: தொடரைத் தொடங்கியவர்

ஐயா, உங்கள் மறுமொழியைப் படித்தபின் எங்கள் பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தேன். குறும்பி அடைத்த கருவிகளைப் பற்றி அதிலும் ஒரு வாக்கியம் இருக்கத்தான் செய்கிறது. இரண்டாம் பக்கத்தின் அடியில், விருந்தினர் பட்டியலுக்கும் நன்றியுரைக்கும் இடையில். ஈரப்பதத்தால் கருவிகள் கெடுவதைப் பற்றி எங்கள் பதிவேட்டில் இருப்பதை இப்போது தனியே தொகுத்து வருகிறேன். இம்முறை அது ஒரே ஒருவருக்குத்தான், காலையிலேயே, முதல் வரியில் அந்த எண்ணிக்கையோடு போகும்.