ஓர் இடத்தில் வாழ்வோரை எப்பெயரால் குறிப்பது?

கேள்வி:
மொழிபெயர்ப்பின்போது பிற நாட்டினரைக் குறிக்கும் பெயர்களில்தான் மிகவும் தயங்குகிறேன். இடப்பெயருடன் 'அர்' அல்லது 'காரர்' என்று சேர்த்து எழுதிவிடலாமா, அல்லது அம்மக்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்கள் என்று அறிந்து எழுத வேண்டுமா?

பதில் 1:
அறிந்து எழுதுவதே முறை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தவர் தங்களை 'ஹூசியர்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அச்சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லாவிட்டாலும், கூட்டாட்சி அரசின் வெளியீட்டு அலுவலகம் 2017இல் 'இண்டியானன்' என்பதைக் கைவிட்டு அதையே ஏற்றுக்கொண்டது. போட்ஸ்வானாவில் ஒருவரைக் குறிக்க 'மோட்ஸ்வானா', பலரைக் குறிக்க 'பாட்ஸ்வானா' என்பார்கள். அங்கே மாறுவது சொல்லின் முதலெழுத்து. நம் விகுதி அதனுடன் ஒட்டாது.

பதில் 2:
இடமும் இனமும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். கசகஸ்தானில் பிறந்து வளர்ந்த ரஷ்ய இனத்தவரைக் 'கசாக்' என்று எழுதினால் அது பிழை, ஏனெனில் அது இனப்பெயர். குடிமக்கள் அனைவருக்கும் பொதுவான பெயர் 'கசகஸ்தானியர்'. 'எஸ்கிமோ' என்ற சொல்லைப் பலர் இழிவாகக் கருதுவதால் 'இனுயிட்' என்று எழுதுகிறோம். ஆனால் அலாஸ்காவின் யூபிக் மக்கள் இனுயிட் அல்லர், அவர்களை அவர்கள் பெயராலேயே குறிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. என் கைப்படியில் ஒரு பத்தி முழுவதும் 'கசாக்கியர்' என்றே எழுதியிருக்கிறேன். குடியுரிமையைக் குறிக்கும் இடங்களை இன்றே திருத்துகிறேன்.