மாமிக்குப் பிறந்தநாள், சமையல் சாமான் என்ன வாங்கலாம்? (அவசரம்)

கடற்கரைப்பக்கம்:
வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மாமிக்கு 60 வயசு. சமையல் எண்டால் அவவுக்கு உயிர். காலி வீதியில ஒரு கடையில வார்ப்பிரும்புத் தோசைக்கல்லு பார்த்தன், நல்ல பாரம். எடுக்கலாமோ? வேற ஏதும் நல்லதெண்டாலும் சொல்லுங்கோ. இண்டைக்கே முடிவெடுக்கோணும்.

கொட்டாஞ்சேனைத்தம்பி:
எவ்வளவு காசுக்குள்ள அண்ணை? மாமி இருக்கிறது வீடோ ஃபிளாட்டோ? மரக்கறியோ மச்சமோ? கல்லு ஏற்கெனவே இருக்கோ?

ஏலம்கராம்பு:
சாமானை விடுங்கோ, வாசனைச் சரக்கு குடுங்கோ. கறுவாவில அல்பா எண்டு கேட்டு வாங்குங்கோ. 6 மில்லிமீற்றரை விட மெல்லிய சுருள், உள்ளுக்குப் பார்த்தால் சுருட்டு மாதிரிப் பட்டைக்குள்ள பட்டை இருக்கும், விரலால நசிச்சாலே நொருங்கும். தடிச்ச ஒற்றைப் பட்டையாய் வாறது கசியா, அது வேற மரம். நல்லாய்க் கறி வைக்கிற ஆளுக்கு முகர்ந்த உடனேயே விளங்கும்.

பழையகுசினி:
இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒருக்கா வருது, ஒருத்தரும் அடுப்பு என்னெண்டு சொல்லிறேல்லை. அதைச் சொல்லாமல் கல்லைப் பற்றிக் கேட்டு என்ன பிரயோசனம் தம்பி? இன்டக்சன் எண்டால் காந்தம் ஒட்டிற சாமான்தான் சூடேறும். அலுமினியத் தாச்சி, மண்சட்டி சரிவராது. வார்ப்பிரும்பு சரிவரும், ஆனால் எடுத்த எடுப்பில முழுச்சூடு வைச்சால் நடு கருகி ஓரம் பச்சையாய் நிக்கும். அடுப்புக் கண்ணாடியில இழுத்தால் கீறும். கழுவின ஈரத்தோட விட்டால் கடற்காத்துக்கு விடியத் துரு. துடைச்சு, சூடுகாட்டி, எண்ணெய் பூசிவைக்கிற பழக்கம் உள்ள ஆளோ?

கடற்கரைப்பக்கம்:
குறை நினைக்காதேங்கோ. ஃபிளாட், நாலாம் மாடி. 2022 காஸ் தட்டுப்பாட்டோட இன்டக்சனுக்கு மாறினவ. 20,000க்குள்ள. மணிக்கட்டு உளைவும் இருக்கு, அதைச் சொல்ல மறந்திட்டன்.

பழையகுசினி:
மணிக்கட்டு உளைவோட பாரக்கல்லோ! முதல் வரியில சொல்ல வேண்டியது அதுதான்.

பனையோலை:
நீத்துப்பெட்டி, பிட்டு அவிக்கிற பனையோலைப் பெட்டி, வாங்கிக் குடுங்கோ. பாரமே இல்லை. பனை அபிவிருத்திச் சபையின்ர கற்பகம் விற்பனை நிலையத்தில கேட்டுப் பாருங்கோ. பிட்டில கூடின ஈரத்தை ஓலை இழுத்திடும், மா உதிரி உதிரியாய் வரும். புதுசை ஒருக்கா வெறும் ஆவியில வைச்சு எடுத்தால் பச்சை ஓலை மணம் போயிடும்.

தோட்டத்துப்பிள்ளை:
எங்க வீட்டுல குழல்தான். மாவு, தேங்காப்பூ, மாவுன்னு அடுக்கி வச்சு அவிச்சா அந்த ருசி பெட்டியில வருமா? கொழும்பு ஃபிளாட்டுல வெயில் எங்கங்க இருக்கு? ஓலை காயாம பூஞ்சணம் பிடிக்கும்.

பனையோலை:
குழல் மூடியில ஆவி தண்ணியாய்ச் சொட்டும், மேல்பக்கம் களியாகும். பெட்டியைக் கழுவினாப் பிறகு கவிழ்த்து வையாமல், ஃபான் காத்துப் படத் தூக்கிவிடுங்கோ. பன்னிரண்டு வருசமாய் பம்பலப்பிட்டி ஃபிளாட்டில அப்பிடித்தான் பாவிக்கிறன்.

தோட்டத்துப்பிள்ளை:
மாவுல தண்ணி கூடினாத்தான் களியாகும். குழல் மேல பழி போடாதீங்க. உப்புத்தண்ணியத் தெளிச்சுத் தெளிச்சுப் பிசையணும், ஊத்தக்கூடாது.

கொட்டாஞ்சேனைத்தம்பி:
பிட்டுக்கு வேற இழை திறப்பமே? அண்ணைக்கு ஞாயிறு வருது.

உம்மாடமகள்:
நான் என் உம்மாக்கு மூணு வருஷம் பொருந்தாத சாமானாவே குடுத்தேன். கடைசியா கனடாவுல இருந்து தம்பிய வெச்சு எடுப்பிச்ச மிக்ஸர். அது 120 வோல்ட், இங்க 230. இன்னும் பெட்டியோட அலுமாரி மேல கிடக்கு. நான் வருத்தப்படுவேனோண்டு உம்மா அதப்பத்தி ஒரு வார்த்த பேசல்ல, அதுதான் எனக்குத் தாங்கல்ல. பொறகு ஒருநாள் குசினிக்குள்ள நிண்டு பாத்தேன். இடியப்ப உரல்ட ஒரு பிடி உடஞ்சு, பழைய சாரத்துண்டு சுத்தி வெச்சிருந்தாங்க. பிடி நல்ல அகலமான புது உரல் ஒண்டு வாங்கினேன். ரெண்டு வருஷமா அதுலதான் இடியப்பம். உங்க மாமி எதுக்குத் துணி சுத்தி, கயிறு கட்டி வெச்சிருக்காங்கண்டு இண்டைக்கே போய்ப் பாருங்க.

பழையகுசினி:
இது சரியான யோசனை. பார்த்திட்டு வந்து எழுதுங்கோ தம்பி.

ஏலம்கராம்பு:
கறுவாவையும் ஒரு சின்னப் போத்தலில சேர்த்துக் குடுக்கலாம்.

(மூன்று நாளுக்குப் பிறகு)

கடற்கரைப்பக்கம்:
அண்டைக்குப் பின்னேரமே போய்ப் பார்த்தன். திருவலைப் பலகையில தலையணை உறை மடிச்சுக் கட்டியிருக்கு, பல்லு மழுங்கிப்போச்சு. பாதித் தேங்காயோட நிப்பாட்டிக் கையை உதறிப்போட்டுத்தான் மிச்சம் துருவிறா. கரண்டில ஓடிற தேங்காய் துருவி ஒண்டு எடுத்தன், 230 வோல்ட் எண்டு பார்த்துத்தான். ஞாயிறு காலமை நாலு தேங்காய் துருவினா. எல்லாருக்கும் நன்றி. பிட்டு அவிச்சது குழலில.