காலையில் சூப் மட்டும் குடித்தால் மதியம் வரை தாங்குமா?

கேத்தி_மருமகள்:
எங்கள் வீடு ஊட்டிக்குப் பக்கம், கேத்தியில். டிசம்பர் பிறந்துவிட்டால் இட்லி மாவைக் கம்பளி சுற்றி அடுப்படியில் வைத்தாலும் காலையில் பொங்காமல் அப்படியே கிடக்கிறது. அதனால் இந்தக் குளிருக்குக் காலையில் சூப் வைக்க ஆரம்பித்திருக்கிறேன். கேரட், நூல்கோல், கொஞ்சம் முட்டைக்கோஸ், மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, கடைசியில் கொத்தமல்லி. காய் எல்லாம் பக்கத்துத் தோட்டத்திலேயே கிடைக்கிறது. மகளும் ஸ்கூல் வேன் வருவதற்குள் ஒரு டம்ளர் குடித்துவிடுகிறாள், இட்லி என்றால் அவளிடம் கெஞ்ச வேண்டும். ஆனால் பத்து மணிக்கெல்லாம் எனக்குப் பசி வந்துவிடுகிறது, டீயும் வர்க்கியும் தேடுகிறேன். சூப் காய்ச்சல்காரர்களுக்குத்தான், வேலைக்குப் போகிறவர்களுக்கு இல்லை என்கிறார் அத்தை. வயிறு நிற்கிற மாதிரி சூப் வைக்க முடியுமா? யாராவது தினமும் இப்படிச் சாப்பிடுகிறீர்களா?

கொடைக்கானல்_பூண்டு:
தாராளமாகச் சாப்பிடலாம், நாங்கள் குளிர்காலம் முழுக்க இதுதான். நீங்கள் போடுவதில் காயும் தண்ணீரும் தவிர ஒன்றும் இல்லையே, அதனால்தான் பசிக்கிறது. 100 கிராம் கேரட்டில் 40 கலோரி அளவுதான். பருப்பு சேருங்கள். ஆளுக்கு 50 கிராம் பாசிப்பருப்போ மைசூர்ப் பருப்போ போட்டால் 12 கிராம் புரதம் கிடைத்துவிடும், அது இரண்டு முட்டைக்குச் சமம். ஆனால் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு கொதித்துக்கொண்டே இருக்குமே தவிர குழையாது. குக்கர்தான் வழி. பருப்பை ராத்திரியே ஊறப்போட்டுவிட்டால் காலையில் கேஸும் மிச்சம்.

பூண்டு மட்டும் மலைப்பூண்டாக இருக்கட்டும். பல் சின்னதுதான், ஆனால் நெய்யில் லேசாகச் சிவந்ததும் வருகிற வாசத்துக்கே வீட்டில் எல்லோரும் எழுந்து வந்துவிடுவார்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு இது. சந்தையில் வேறு பூண்டையும் இதன் பெயரில் விற்கிறார்கள், வாசம் பார்த்து வாங்குங்கள்.

கோத்தகிரி_பேத்தி:
அத்தையிடம் சொல்லுங்கள், காலையில் சூப் என்பது பாதி உலகத்தின் சாப்பாடு. ஜப்பானில் சோறும் மிசோ சூப்பும், வியட்நாமில் ஃபோ, பர்மாவில் மீன் போட்ட மொஹிங்கா, எல்லாமே காலைச் சாப்பாடுதான். நம்மைப் போலவே மலைமேல் இருக்கிற கொலம்பியாவின் பொகோட்டாவில் பாலும் தண்ணீரும் கொதிக்க வைத்து, முட்டையை அப்படியே உடைத்து ஊற்றி, வெங்காயத்தாளும் கொத்தமல்லியும் தூவி, காய்ந்த ரொட்டியை அதில் ஊறவைத்துச் சாப்பிடுகிறார்கள். சாங்குவா என்று பெயர். நான் வீட்டில் செய்து பார்த்தேன், நன்றாகவே வந்தது. பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது முட்டையை ஊற்றாதீர்கள், பிரிந்து நூல் நூலாகிவிடும். தீயைக் குறைத்து, பால் அடங்கியதும் ஊற்றி மூடினால் வெள்ளைக்கரு மட்டும் கெட்டியாகி மஞ்சள் இளகலாக நிற்கும்.

எங்கள் வீட்டுப் பழக்கம் இலைக்கஞ்சி. பாட்டி, தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்ப இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து வந்தவர், அங்கே மலையகத்தில் காலையில் இதுதான் குடிப்பார்களாம். சிவப்பரிசியைக் குழைய வேகவைத்து, வல்லாரையும் தேங்காயும் அரைத்துப் பிழிந்த சாற்றைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் கொதித்தால் பச்சை நிறமும் போய்விடும், வாசமும் போய்விடும். கையில் ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்போம். அதைக் குடித்துவிட்டு அம்மா கொழுந்து பறிக்கப் போனால் மதியம் எடை போடும் வரை தாங்கும்.

தாண்டிக்குடி_காப்பி:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு நீங்கள் எல்லோரும் சொல்வது சரி. எங்கள் பக்கம் இப்போது காப்பிப் பழம் பறிக்கிற நேரம், சரிவில் மூட்டை தூக்கி ஏறுகிறவருக்கு டம்ளர் சூப்பைக் கொடுத்து அனுப்புவது நியாயமே இல்லை. ராகிக் களி உருண்டை ஒன்றைத் தட்டில் வைத்து, கொள்ளு சூப்பை அதன் மேல் ஊற்றிக் கொடுங்கள், அதுதான் சாப்பாடு. வேலைக்குத் தக்கபடி சூப்போடு கெட்டியாக ஏதாவது இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இன்னொன்று, தயவுசெய்து பாக்கெட் சூப் பொடி பக்கம் போகாதீர்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அந்தப் பொடிகளில் உப்பு தாராளமாக இருக்கும். வீட்டில் பிரஷர் உள்ள பெரியவர்கள் இருந்தால் இதில் ரொம்பக் கவனம் வேண்டும். அப்புறம், கீரை சூப் குடித்த கையோடு டீ குடிக்க வேண்டாம், கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை டீ குறைத்துவிடும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

கேத்தி_மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. நாளையிலிருந்து பருப்பு போடுகிறேன், கணவருக்குக் களியும் சேர்த்து. கோத்தகிரி அக்கா, இலைக்கஞ்சி செய்ய ரொம்ப ஆசையாக இருக்கிறது, ஆனால் மகள் வல்லாரைக் கசப்பு என்றால் வாயே திறக்க மாட்டாள். வேறு கீரை போடலாமா?

கோத்தகிரி_பேத்தி:
போடலாம்மா. பொன்னாங்கண்ணியில் ஆரம்பியுங்கள், கசப்பே தெரியாது. பழகியதும் கூடவே நாலு வல்லாரை இலை சேர்த்து அரையுங்கள். தேங்காய் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும், கருப்பட்டியைக் கடிக்கப் பிடிக்கவில்லை என்றால் தட்டிக் கஞ்சியிலேயே கலந்துவிடுங்கள்.