பயன்படுத்துவோரின் தேவையைத் தொடக்கத்திலேயே அறிவது எப்படி?
அனைவருக்கும் வணக்கம். கையொப்பமிட்ட தேவை ஆவணத்தின்படியே மென்பொருளை உருவாக்கி முடித்த பிறகும், ஏற்புச் சோதனையின்போது (மென்பொருளை ஏற்கும் முன் வாடிக்கையாளர் அதைச் சரிபார்க்கும் கட்டம்) "நாங்கள் எதிர்பார்த்தது இதுவன்று" என்று வாடிக்கையாளர்கள் கூறும் நிலை எங்கள் குழுவுக்குத் தொடர்ந்து ஏற்படுகிறது. மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாக உருவாக்கி, அவ்வப்போது கருத்துக் கேட்டுத் திருத்தும் அஜைல் முறைக்கு 2001-இல் உருவான கொள்கைகள், இயங்கும் மென்பொருளைச் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்கு ஒருமுறை, இயன்றவரை குறுகிய இடைவெளியில், வழங்கச் சொல்கின்றன. நாங்களும் அவ்வாறே செயல்விளக்கம் அளிக்கிறோம். ஆனால் அதற்கு மேலாளர்கள் மட்டுமே வருகிறார்கள். மென்பொருளை நாள்தோறும் பயன்படுத்தப்போகும் ஊழியர்களை இறுதிக் கட்டத்தில்தான் சந்திக்க முடிகிறது. சிக்கலின் வேர் இதுவே என்று கருதுகிறேன்.

விலை முன்பே நிர்ணயிக்கப்பட்ட ஒப்பந்தங்களில், அந்த ஊழியர்களைத் தொடக்கத்திலிருந்தே பங்கேற்கச் செய்ய வாடிக்கையாளரை எவ்வாறு இணங்க வைத்தீர்கள்? ஏற்பு நிபந்தனைகளை யார், எந்தக் கட்டத்தில் எழுதுவது நல்லது? அனுபவமுள்ளவர்கள், இயன்றால் ஒப்பந்த வாசக மாதிரியுடன், விளக்கினால் பேருதவியாக இருக்கும்.