டாக்ரோலிமஸ் மாத்திரையும் டெட்-2 ரிப்போர்ட்டும்: அஞ்சனா ராவின் ஆய்வு எங்கள் வாழ்க்கைக்குள் வந்த கதை

ஆய்வகத்தில் வேலை பார்த்தவள், பெங்களூரு

அஞ்சனா ராவின் பெயர் நம் பத்திரிகைகளில் அதிகம் அடிபடுவதில்லை. ஹார்வர்டில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, 2010-ல் கலிஃபோர்னியாவில் உள்ள லா ஹோயா நோயெதிர்ப்பியல் நிறுவனத்துக்குப் போன மூலக்கூறு உயிரியலாளர். செல்லுக்கு வெளியே நடப்பது, உள்ளே கருவில் (நியூக்ளியஸில்) இருக்கும் ஜீனுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? அவருடைய வேலையை ஒரே கேள்வியாகச் சுருக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய குழு காட்டிய ஒன்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன்.

என்ஃபாட் என்று ஒரு புரதம், ஜீன்களை முடுக்கிவிடுவது. அதோடு பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதத்தை ஒட்டி, செல்களில் செலுத்தியிருந்தோம். செல் சும்மா இருக்கும்போது பச்சை எல்லாம் வெளிப்பகுதியில்தான். நடுவில் கரு கறுப்பு வட்டமாகத் தெரியும். அயனோமைசின் சில துளிகள் விட்டால் கால்சியம் உள்ளே பாயும். கால்சியம் கால்சிநியூரின் என்ற நொதியைத் தட்டி எழுப்பும். அந்த நொதி என்ஃபாட்டின் மேல் இருக்கும் பாஸ்பேட்டுகளைக் கழற்றிவிடும். அப்புறம் பார்த்தால், கறுப்பு வட்டம் ஓரத்திலிருந்து பச்சையாகத் தொடங்கும். கால் மணி நேரத்துக்குள் கரு முழுக்கப் பச்சை, வெளியே இருட்டு. எங்கள் கைடு வந்து கூப்பிடும்வரை நாற்காலியை விட்டு நகரவில்லை. பிறகு கால்சிநியூரினைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைச் சேர்த்தோம். பச்சை மெல்ல வெளியே திரும்பி வந்தது.

இந்த என்ஃபாட்டை முதன்முதலில் பிரித்தெடுத்து, கால்சிநியூரின் அதன்மேல் வேலை செய்கிறது என்று 1993-ல் காட்டியது ராவின் குழு. கால்சியம் எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது என்பது அதற்குப் பிறகும் பல வருடம் பிடிபடவில்லை. பிறவியிலேயே நோயெதிர்ப்பு வேலை செய்யாத ஒரு குடும்பத்துக் குழந்தைகளின் டி செல்களை, அதாவது நோயெதிர்ப்பை நடத்தும் வெள்ளணுக்களை வைத்து 2006-ல் அதையும் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு டி செல் இருந்தது. ஆனால் கால்சியம் உள்ளே போகவில்லை. ஓராய்-1 என்ற புரதத்தில் 91-வது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது, அவ்வளவுதான். ஒரே ஒரு எழுத்துப் பிழைக்கு ஒரு குழந்தை கொடுத்த விலையை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது.

உங்களில் யாருக்காவது இந்த ஆய்வோடு தொடர்பு இருந்தால் எழுதுங்கள்.

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், மதுரை

தொடர்பு இருக்கிறதம்மா. காலை ஒன்பது, இரவு ஒன்பது, நான் விழுங்கும் டாக்ரோலிமஸ் நீங்கள் சொன்ன அந்தக் கால்சிநியூரினைத்தான் தடுக்கிறது. என் மனைவி கொடுத்த கிட்னியை என் உடம்பே அந்நியமாக நினைத்துத் தாக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம். டி செல்லில் என்ஃபாட் கருவுக்குள் போகக் கூடாது. போனால் சண்டை தொடங்கிவிடும். இதை ஒரு நெஃப்ராலஜி டாக்டர் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். அந்தக் காகிதம் இன்னும் ஃபைலில் இருக்கிறது.

ரத்தத்தில் மருந்தின் லெவல் பார்க்கிற நாளில் மாத்திரை போடாமல் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகே மாத்திரை. புதிதாக ஆபரேஷன் ஆனவர்கள் பலர் வீட்டிலேயே போட்டுவிட்டு வந்து விழிப்பார்கள். லேபில் உட்கார்ந்திருக்கும்போது நானே முந்திக்கொண்டு கேட்டுவிடுவேன். கிரேப்ஃப்ரூட், பம்ப்ளிமாஸ் இரண்டும் எனக்குக் கிடையாது, மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ஆரம்பத்தில் கை நடுக்கம் இருந்தது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பேன். டோஸ் குறைந்ததும் அதுவும் குறைந்தது.

இந்த மருந்து ஜப்பானில் சுகுபா மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து 1984-ல் கிடைத்தது என்று படித்திருக்கிறேன். மருந்து முதலில் வந்துவிட்டது, அது எப்படி வேலை செய்கிறது என்பது பிறகுதான் தெரிந்திருக்கிறது. ஏன் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று புரிந்து சாப்பிடுவதற்கும், டாக்டர் சொன்னார் என்று சாப்பிடுவதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிகிறது.

எம்டிஎஸ் நோயாளியின் மகள், திருச்சி

அக்கா, எங்களுடையது ராவின் இன்னொரு கண்டுபிடிப்பு. அப்பா ஓய்வு பெற்ற கண்டக்டர். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போனோம். ஹீமோகுளோபின் ரொம்பக் குறைவு. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்ததில் எம்டிஎஸ், அதாவது மஜ்ஜை நல்ல ரத்த அணுக்களைச் செய்ய முடியாமல் திணறும் நோய். மரபணு ரிப்போர்ட்டில் ‘டெட்-2 மாற்றம்’ என்று ஒரு வரி. அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் தேட ஆரம்பித்தேன், அஞ்சனா ராவின் பெயர் அங்கேதான் வந்தது.

அப்பாவுக்கு நான் சொன்ன விதம் இது: டிஎன்ஏவில் இருக்கும் எழுத்தின் மேல் மெத்தில் என்ற சிறு துணுக்கு உட்காருவது, நம் எழுத்துக்கு மேல் புள்ளி வைப்பது மாதிரி. எழுத்து மாறாது, ஒலி அடங்கிவிடும். புள்ளி வைக்கிற நொதி தெரிந்திருந்தது. அதை எடுக்கிற வேலையை டெட் புரதங்கள் தொடங்கிவைக்கின்றன என்பதை 2009-ல் ராவின் குழு சொன்னது. அப்பாவின் ரத்த அணுக்களில் அந்த டெட்-2 சரியாக வேலை செய்யவில்லை. “அப்போ எடுக்க ஆள் இல்லாம புள்ளியா சேருது, அதானே?” என்றார்.

அவருக்குக் கொடுப்பது அசாசைட்டிடின். மாதத்தில் ஏழு நாள், வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் ஊசி. கரைத்தாலும் தெளியாது, கலங்கலாக வெள்ளையாக இருக்கும். போடுவதற்கு முன் நர்ஸ் சிரிஞ்சை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுவார், அடியில் தங்கியது கலப்பதற்காக. ஊசி போட்ட இடம் சிவந்து தடிக்கும். அடுத்த நாள் வேறு இடம். நாலு முதல் ஆறு சுற்று போகாமல் பலன் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். அந்தக் காத்திருப்புதான் கொடுமை. இப்போது ரத்தம் ஏற்றுவதற்கான இடைவெளி நீண்டிருக்கிறது. அப்பா தானே நடந்து போய்ப் பேப்பர் வாங்கி வருகிறார்.

இரண்டு கேள்வி. இந்த டெட்-2 எனக்கும் தம்பிக்கும் வருமா? அத்தை தினமும் நெல்லிக்காய் ஜூஸ் அனுப்புகிறார், வைட்டமின் சி டெட்டுக்கு நல்லது என்று எங்கோ படித்தாராம். கொடுக்கலாமா?

உயிர்வேதியியல் ஆசிரியர், கோவை

அசாசைட்டிடின் பற்றி ஒரு வார்த்தை. 1980-ல் பீட்டர் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் எலிக்கருச் செல்களில் இதைச் சேர்த்தபோது, தசையே ஆகாத செல்கள் தசைச் செல்களாக மாறின. மெத்தில் அடையாளம் போனதால் அடங்கிக் கிடந்த ஜீன்கள் விழித்துக்கொண்டன. வகுப்பில் மெத்திலேற்றம் நடத்தும்போது நான் இங்கிருந்துதான் தொடங்குவேன், கடைசி பெஞ்சும் கேட்கும்.

ஆய்வகத்தில் வேலை பார்த்தவள்

திருச்சித் தங்கைக்கு. டெட் எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணியின் டிஎன்ஏவில் ஒரு விசித்திர எழுத்து உண்டு. அதைச் செய்யும் நொதிக்கு உறவான புரதம் மனிதரில் இருக்கிறதா என்று கணினி உயிரியலாளர் எல். அரவிந்த் குழுவினர் கணினியில் தேடியபோது டெட் குடும்பம் சிக்கியது. ராவின் ஆய்வகத்தில் டெட்-1 புரதத்தை அதிகமாகச் செய்யவிட்ட செல்களின் டிஎன்ஏவை உடைத்து, ஒரு தகட்டில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். தெரிந்த புள்ளிகளுக்கு நடுவில் அடையாளம் தெரியாத ஒன்று. மெத்திலோடு ஓர் ஆக்சிஜன் சேர்ந்த ஹைட்ராக்சிமெத்தில்சைட்டோசின் அது. மெத்திலைக் கண்டுபிடிக்கும் வழக்கமான பைசல்ஃபைட் சோதனையில் இதுவும் மெத்திலும் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால் எத்தனையோ பேர் கண்ணில் படாமல் போயிருக்கிறது.

இனி உன் கேள்விகள். அப்பாவுக்கு வந்திருப்பது பெரும்பாலும் வயதாகும்போது மஜ்ஜைச் செல்லில் ஏற்படும் மாற்றம். பிறவியிலேயே இருந்ததல்ல என்றால் உங்களுக்குப் போகாது. எழுபதைத் தாண்டியவர்களில் சுமார் பத்தில் ஒருவரின் ரத்தத்தில் இந்த வகை மாற்றம் இருக்கிறது. பலருக்கு நோயே வருவதில்லை. சந்தேகம் தீர, ‘இது பிறவி மாற்றமா, பிறகு வந்ததா’ என்று ஹீமட்டாலஜி டாக்டரிடம் நேராகக் கேள்.

வைட்டமின் சி டெட்டின் வேகத்தைக் கூட்டுவது செல்களிலும் எலியிலும் தெரிந்திருக்கிறது. அதை வைத்து ஊசிக்குப் பதிலாக நெல்லிக்காய் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. ஊசி எந்த மாதமும் விட்டுப்போகக் கூடாது. ஜூஸை டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடு, வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் வெளியில் பிழிந்தது வேண்டாம். அத்தை நெல்லிக்காயை அனுப்பட்டும், நீயே கழுவி வீட்டில் பிழிந்து கொடு.